டியூன் பண்ணின டிமேக்ஸ்: காலை எடுத்தா பி0088, லிம்ப் மோட். எங்க தொடங்கிறது?

வெள்ளவத்தை_டிமேக்ஸ்:
வணக்கம் எல்லாருக்கும். வாகனம் ஈசுஸு டிமேக்ஸ் டபுள் கேப், 4ஜேஜே1 3 லீற்றர் டீசல் எஞ்சின், மனுவல் கியர். அப்பாட ஹாட்வெயார் கடைக்கு ஓடுறது, கொழும்பில இருந்து கண்டி, மாத்தளைப் பக்கம் கம்பியும் பெயின்ட்டும் ஏத்திக்கொண்டு போகும். போன வருஷம் ஈசியூ ரீமேப் செய்தது, அதாவது பவர் கூட வர எஞ்சின் கம்பியூட்டரின்ர ப்ரோக்ராமை மாத்தினது, செய்த இடத்தின்ர பேர் இங்க வேண்டாம். இழுவை நல்லா வந்தது, அதில குறை சொல்ல ஏலாது.

இப்ப பிரச்சினை என்னெண்டா கடுகண்ணாவ ஏத்தத்தில மூண்டாம் கியர்ல நல்லா மிதிச்சு ஒரு பஸ்ஸை முந்திப்போட்டு காலை எடுக்கேக்க செக் எஞ்சின் லைட் பத்தி பவர் பொத்தெண்டு விழுது (லிம்ப் மோட் எண்டுறது இதைத்தான்), அதுக்குப் பிறகு எவ்வளவு மிதிச்சாலும் ஊருறதுதான். ஓரம் கட்டி சாவியை நிப்பாட்டித் திரும்பப் போட்டா வழமைபோல ஓடும். ஸ்கேனர்ல பி0088, அதாவது ரெயில் (பம்பில இருந்து வாற டீசலை இன்ஜெக்டருகளுக்குக் குடுக்கிற உயர் அழுத்தக் குழாய்) ப்ரெஷர் கூடிட்டுது எண்டு. சில நேரம் கூடவே பி0087 உம் நிக்கும், அது ப்ரெஷர் குறைவு. ரெண்டும் ஒண்டாய் எப்பிடி வரும் எண்டு எனக்கு விளங்கேல்ல.

ஒரு கராஜ்ல பம்பை மாத்தச் சொல்லுறாங்கள். இன்னொரு இடத்தில நாலு இன்ஜெக்டரும் போயிட்டுது எண்டுறாங்கள். ரெண்டு இடத்திலயும் பொனட்டைத் திறந்து ஒரு அளவு கூட எடுக்கேல்ல, கோட்டை மட்டும் பாத்துச் சொன்னவங்கள். இவ்வளவு காசு போட முதல் ஒழுங்கா எங்க இருந்து பாக்கத் தொடங்கிறது எண்டு தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ.

மருதானை_பார்ட்ஸ்:
எஸ்சிவி தான் அண்ணா. 4ஜேஜே1ல பி0088 எண்டா பத்துக்கு எட்டு எஸ்சிவி. பம்புக்குப் பின்னால ரெண்டு அலன் போல்ட்ல நிக்கிற சின்ன வால்வு, பம்புக்குள்ள போற டீசல் அளவைக் கட்டுப்படுத்துறது. பஞ்சிகாவத்தையில எடுக்கலாம், ஆனா கொப்பி எடுக்க வேணாம், ஒரிஜினல் டென்சோ பாத்து எடுங்க. பம்ப் மாத்தச் சொன்னவங்கட பேச்சைக் கேக்க வேணாம்.

ஹட்டன்_லொறி:
அண்ணே, முதல்ல டீசல் பில்டர் எப்ப மாத்தினீங்கன்னு பாருங்க. பில்டர் அடைச்சா ப்ரெஷர் கொறையும்னு தான் எல்லாரும் சொல்லுவாங்க, அது சரிதான், ஆனா கொறைஞ்ச ப்ரெஷரைப் பிடிக்க ஈசியூ வால்வை முழுசாத் தொறந்து வச்சிருக்கும், அந்த நேரம் நீங்க கால எடுத்தா டீசல் ஒரேயடியா வந்து ரெயில் எகிறும். நான் பேலியகொடையில இருந்து மரக்கறி லொறி ஓட்டுறேன், இந்தக் கூத்தை பாத்திருக்கேன். அதோட 2022ல டீசல் இல்லாம கியூவில நின்ன காலத்துல பீப்பாயிலயும் கேன்லயும் சேத்து வச்சு அடிச்ச டீசல் எத்தன வண்டி டேங்க்ல துருவையும் தண்ணியையும் விட்டுட்டுப் போயிருக்குன்னு சொல்லி முடியாதுங்க. பில்டருக்கு அடியில இருக்கிற தண்ணி ட்ரெயினைத் தொறந்து ஒரு கண்ணாடிப் போத்தல்ல பிடிச்சுப் பாருங்க, அடியில தண்ணி தனியா நிக்குதான்னு.

தெமட்டகொட_டேர்போ:
புரோ இதுக்கு ஏன் இவ்வளவு கஷ்டம், ரெயில்ல இருக்கிற லிமிட்டரை ப்ளொக் பண்ணிட்டு டியூன் பண்ணினவங்களிட்டயே பி0088 கோட்டை ஓப் பண்ணச் சொல்லுங்க. என்ட ப்ரெண்ட்ட வாகனம் அப்பிடித்தான் ஓடுது, ஒரு பிரச்சினையும் இல்ல.

பேலியகொட_பம்ப்நானா:
தம்பி தெமட்டகொட, இத வாசிக்கிற மத்த புள்ளைகளுக்காக நேராச் செல்றன், கோவிக்க வேணாம். அந்த லிமிட்டர் ரெயில்ல ஈக்கிறது கடைசிக் காவலுக்கு. சென்சர் பொய் சொன்னாலும், வால்வு இறுகினாலும், கம்பியூட்டர் பைத்தியம் புடிச்சாலும், அது ஸ்ப்ரிங்ல தானாத் தொறந்து டீசலை ரிட்டர்னுக்கு விடும். அதை அடைச்சா அந்த ப்ரெஷர் வேற எடம் தேடும். ஒண்டு இன்ஜெக்டர் மூக்கு வெடிச்சு பிஸ்டன்ல ஓட்ட போடும், இல்லாட்டி பைப் நட்டால பீச்சும். 1800 பார் அழுத்தத்தில பீச்சுற டீசல் தோலைக் கிழிச்சி உள்ள போகும். வெளிய ஊசி குத்தின மாதிரி ஒரு புள்ளிதான் தெரியும், ரத்தம் கூட வராது, உள்ளுக்க சதை செத்துப்போகும். அப்படிப் பட்டா மருந்து பூசிட்டு வீட்ட போறதில்ல, அந்த நிமிஷமே பெரியாஸ்பத்திரி விபத்துப் பிரிவுக்குப் போய், உயர் அழுத்தத்தில டீசல் உள்ள போயிருக்கு எண்டு வாயால செல்லோணும், செல்லாட்டி டொக்டர் சாதாரண காயம் எண்டு நெனைச்சிடுவார். கை விரலை வெட்டி எடுக்கிற நெலமைக்கு ஆக்கள் போயிருக்காங்க.

பழைய ரோட்டரி பம்ப் காலத்தில எஞ்சின் ஓட ஓட பைப் நட்டை லூஸ் பண்ணி எந்த சிலிண்டர் வேல செய்யல்ல எண்டு பாப்போம். கொமன் ரெயில்ல அந்தப் பழக்கத்தை மறந்திடுங்க. லீக் தேடுறதெண்டா ஒரு கார்ட்போர்ட் துண்டைப் புடிச்சித் தேடுங்க, கையால தடவிப் பாக்கவே கூடாது. எஞ்சினை நிப்பாட்டி ஸ்கேனர்ல ரெயில் ப்ரெஷர் சைபருக்குக் கிட்ட வந்த பொறகுதான் ஸ்பேனரைத் தொடோணும்.

இப்ப வெள்ளவத்தை தம்பிக்கு. எஸ்சிவியும் பில்டரும் பாக்கத்தான் வேணும், ஆனா டியூன் பண்ணின வாகனத்தில மொதல் கேள்வி வேற. ஸ்கேனர் காட்டுற ப்ரெஷர் உண்மையான ப்ரெஷரா? ரீமேப் மட்டும்தான் ஈக்கா, இல்லாட்டி பவர் கூட்ட சென்சர் வயருக்கு நடுவில பூட்டுற பொக்ஸும் ஈக்கா? ரெயில் சென்சர் கனெக்டர்ல இருந்து வயரைப் புடிச்சிக்கொண்டு ஈசியூ வரைக்கும் விரலாலயே போய்ப் பாருங்க. நடுவில கம்பெனி டேப் இல்லாத எடம், சோல்டர் அடிச்ச எடம், ரெண்டாவது கனெக்டர் ஒண்டு, இப்படி எதாவது ஈந்தா கழட்ட முந்தி ஒரு போட்டோ எடுத்துப் போடுங்க.

வெள்ளவத்தை_டிமேக்ஸ்:
நானா, நன்றி. பில்டர் போன சேர்விஸ்ல மாத்தினது, ஹட்டன் அண்ணே சொன்ன மாதிரி ட்ரெயினும் பிடிச்சுப் பாத்தன், தண்ணி இல்லை, ஆனா போத்தல் அடியில கறுப்புத் தூள் மாதிரி கொஞ்சம் நிண்டது.

வயரைப் பிடிச்சுக்கொண்டு போனன். பட்டரித் தட்டுக்குக் கீழ கேபிள் டையால இறுக்கி, நெருப்புப்பெட்டி அளவில ஒரு கறுப்புப் பெட்டி. பேர், ஸ்டிக்கர் ஒண்டும் இல்லை, ஒரு பக்கத்தில சின்ன ஸ்க்ரூட்ரைவர் போட்டுத் திருப்புற ஓட்டை மட்டும். ரெயில் சென்சர்ல இருந்து வாற வயர் அதுக்குள்ள போய்த்தான் ஈசியூவுக்குப் போகுது. ரீமேப் செய்யேக்க இப்பிடி ஒண்டு பூட்டுறம் எண்டு ஒரு சொல்லும் சொல்லேல்ல, பில்லிலயும் இல்லை. கடை வேலைக்கு ஓடுற வாகனம், இதில அப்பாவும் போறவர், அதுக்குள்ள சொல்லாமக் கொள்ளாம ஒரு பெட்டியை ஒளிச்சு வைக்கிறதை நினைக்க ஆத்திரமாத்தான் இருக்கு. படம் போட்டிருக்கிறன்.

மொறட்டுவ_மெக்:
படத்தைப் பாத்தேன் தம்பி. உங்கட ரெண்டு கோட்டுக்கும் காரணம் அனேகமா இதுக்குள்ள இருக்கு. கொஞ்சம் நீளமா எழுதுறேன், பொறுமையா வாசிங்க.

ரெயில் சென்சருக்கு மூணு வயர்: 5 வோல்ட், கிரவுண்ட், சிக்னல். இந்த டென்சோ சென்சர்ல ப்ரெஷர் சைபரா இருக்கும்போது சிக்னல் ஏறக்குறைய 1 வோல்ட், 2000 பார்ல ஏறக்குறைய 4.2 வோல்ட். அப்ப ஒவ்வொரு 1000 பாருக்கும் 1.6 வோல்ட் கூடுது. பொக்ஸ் செய்யிற வேலை இவ்வளவுதான்: அந்த சிக்னலைக் கொஞ்சம் குறைச்சு ஈசியூவுக்குக் குடுக்கும். 0.2 வோல்ட் குறைச்சா ஈசியூ ப்ரெஷர் 125 பார் குறைவு எண்டு நினைச்சு, அதை நிரப்பப் பம்பைக் கூடத் தள்ளச் சொல்லும். உண்மையான ப்ரெஷர் 125 பார் மேல போகும், ஆனா ஈசியூவுக்கும் தெரியாது, உங்கட ஸ்கேனருக்கும் தெரியாது. ஸ்கேனர் ரெயிலைப் பாக்கிறதில்ல, ஈசியூ என்ன நம்புதோ அதைத்தான் வாசிச்சுக் காட்டும்.

ரீமேப்ல ஏற்கனவே ஈசியூ கேக்கிற ப்ரெஷரை, ரெயில் டார்கெட் எண்டுறது அதைத்தான், கூட்டியிருப்பாங்க. அதுக்கு மேல பொக்ஸ். ஏத்தத்தில முழுசா மிதிக்கிறீங்க, ஈசியூ 1780 பார் எண்டு நினைச்சுக்கொண்டிருக்கும்போது ரெயிலுக்குள்ள உண்மையில 1900 தாண்டி நிக்கும். இனி ரெண்டுல ஒண்டு நடக்கும்.

லிமிட்டர் ஸ்ப்ரிங் அந்த இடத்தில திறந்தா, அது திறந்த உடனே மூடாது, ப்ரெஷர் நல்லா கீழ விழுந்த பிறகுதான் மூடும். ஈசியூ கேட்டதுக்கும் கிடைக்கிறதுக்கும் நடுவில பெரிய பள்ளம் விழும், பி0087 வரும். லிமிட்டர் திறக்காம நீங்க காலை எடுத்தீங்க எண்டா, பொக்ஸுகள் பொதுவா லோட்ல மட்டும்தான் சிக்னலை மாத்தும், கால் எடுத்ததும் கைவிட்டிரும். அந்த நொடியில ஈசியூவுக்கு மறைச்சு வச்ச 125 பாரும் ஒரேயடியாத் தெரியும். 1780 எண்டு நினைச்சது திடீரெண்டு 1900. அது எல்லைக்கு மேல, பி0088. நீங்க "காலை எடுக்கேக்க" எண்டு எழுதினதைப் பாத்ததும் எனக்கு இந்த சந்தேகம்தான் முதல்ல வந்தது.

தெமட்டகொட_டேர்போ:
ஓகே நானா, லிமிட்டர் விஷயம் விளங்குது, ப்ரெண்டுக்கும் சொல்றேன். ஆனா அக்கா ஒரு கேள்வி, கால எடுத்தா ப்ரெஷர் உடனே கீழ வரத்தானே வேணும்? இன்ஜெக்டரும் அடிக்கல்ல, பம்பும் குறைக்கும். அது ஏன் மேல நிக்குது?

மொறட்டுவ_மெக்:
நல்ல கேள்வி தம்பி, இந்த எஞ்சின்ல முக்கியமான இடமே அதுதான். சில கொமன் ரெயில்ல ரெயில்லயே மின்சாரத்தால திறக்கிற வால்வு ஒண்டு இருக்கும், ஈசியூ நினைச்ச நேரம் ப்ரெஷரை ரிட்டர்னுக்கு இறக்கிவிடலாம். இவருட 4ஜேஜே1ல அது இல்ல, ஈசியூட கையில இருக்கிறது பம்புக்குள்ள போற டீசலின்ர அளவைக் கட்டுப்படுத்துற எஸ்சிவி மட்டும்தான். ரெயிலுக்குள்ள ஏற்கனவே போன டீசல் வெளிய வர வழி இன்ஜெக்டர்தான், ஒண்டு அடிச்சு, மற்றது அதின்ர ரிட்டர்னால கசிஞ்சு. கால எடுத்ததும் அடிக்கிறது நிக்குது, மிஞ்சுறது கசிவு மட்டும். அதனால எஸ்சிவி அந்தக் கணமே சரக்கெண்டு மூடோணும். அது இறுகி கொஞ்சம் பிந்தி மூடினா, பம்ப் இன்னும் சில அடி தள்ளிப்போடும், அந்த டீசலுக்குப் போக இடமில்ல.

இன்ஜெக்டர் நாலும் போச்சு எண்டு சொன்ன கராஜுக்கு இதே கணக்குத்தான் பதில். தேஞ்ச இன்ஜெக்டர் ரிட்டர்ன்ல கூடக் கசியும், கசிஞ்சா ப்ரெஷர் குறையுமே தவிர கூடாது. பி0088க்கு இன்ஜெக்டர் மாத்துறது காசை ஆத்தில போடுறது.

பேலியகொட_பம்ப்நானா:
புள்ள அழகாச் சென்னீங்க. நான் ஒண்டு சேக்கிறன். இந்த பம்ப்ல ஈக்கிற எஸ்சிவி கரண்ட் இல்லாட்டி தொறந்து நிக்கிற ஜாதி. கனெக்டர் லூஸாகி, வயர் உரஞ்சி ஒரு கணம் விட்டா, பம்ப் முழுசா ஊத்தும், ப்ரெஷர் எகிறும். டென்சோல மத்த ஜாதியும் ஈக்கி, கரண்ட் இல்லாட்டி மூடி நிக்கிறது, அதில வயர் விட்டா எஞ்சின் நிக்கும். பாக்கிறத்துக்கு ரெண்டும் ஒண்டு மாதிரித்தான், அதனால கடையில "டென்சோ எஸ்சிவி ஒண்டு தாங்க" எண்டு கேட்டு எடுக்காதீங்க, பம்ப்ல ஈக்கிற நம்பரைக் குடுத்து எடுங்க. மருதானைத் தம்பியும் ஆள் வந்து கேட்டா நம்பர் கேட்டுட்டுக் குடுங்க.

தம்பி, இப்ப பெட்டியைக் கழட்டி ஒரிஜினல் கனெக்டரை நேராப் பூட்டுங்க. சோல்டர் அடிச்சி வெட்டியிருந்தா ஒழுங்கா வயர் சேத்து, ஹீட் ஷ்ரிங்க் போட்டு மூடுங்க. ஒரு பார்ட்டும் வாங்க வேணாம். அதுக்குப் பொறகு ஸ்கேனர்ல லொக் (ஓட ஓட எண்களைப் பதியிறது) எடுக்கோணும், கேட்ட ப்ரெஷர், கெடைச்ச ப்ரெஷர், எஸ்சிவி கரண்ட், ஆர்பிஎம், இந்த நாலும் ஒரே திரையில. எஞ்சின் நல்லாச் சூடாகி ஐடில்ல கொஞ்ச நேரம், 2000 ஆர்பிஎம்ல அசையாமப் புடிச்சி கொஞ்ச நேரம், பொறகு ரோட்டில மூணாம் கியர்ல முழு மிதியும் சட்டெண்டு கால் எடுக்கிறதும். ஸ்கேனரைப் பாக்க ஒரு ஆள் பக்கத்தில ஈக்கோணும், ஓட்டிக்கொண்டு பாக்கிற வேலை இல்ல. காலையில எஞ்சின் ஸ்டார்ட் பண்ண முந்தி, சாவி ஓன்ல மட்டும் வச்சி ரெயில் ப்ரெஷர் என்ன காட்டுது எண்டும் எழுதி வைங்க.

வெள்ளவத்தை_டிமேக்ஸ்:
பெட்டி கழட்டியாச்சு. நல்ல காலம் வயர் வெட்டேல்ல, பிளக் மாதிரித்தான் நடுவில பூட்டியிருந்தவங்கள். ஞாயிறு விடியக்காலமை றோட்டு வெறிச்செண்டு இருக்கேக்க கட்டுநாயக்க ஹைவேயில மச்சான் ஸ்கேனரைப் பிடிக்க லொக் எடுத்தது, வேக எல்லைக்குள்ளதான்.

சாவி ஓன், எஞ்சின் ஓப்: சைபருக்குக் கிட்ட. ஐடில்ல கேக்கிறது 300 பார் அளவில, ஆனா கிடைக்கிறது 260க்கும் 345க்கும் இடையில ஆடிக்கொண்டே இருக்கு, காதாலயும் எஞ்சின் சத்தம் ஏறி இறங்கிறது விளங்குது. 2000ல அவ்வளவு ஆட்டம் இல்லை. முழு மிதியில கேட்டது 1790, கிடைச்சது ஒரு கணம் 1860 வரை போய்த் திரும்பி வந்தது. கால் எடுத்தா கேக்கிறது கீழ பாய, கிடைக்கிறது மேலயே கொஞ்ச நேரம் தொங்கி மெல்ல மெல்ல இறங்குது. கோட் வரேல்ல. ஆனா கடுகண்ணாவ ஏத்தத்தில லோட்டோட இன்னும் போகேல்ல.

மொறட்டுவ_மெக்:
சாவி ஓன்ல சைபர் காட்டுறது பெரிய நல்ல சேதி, சென்சரும் கிரவுண்டும் நம்பலாம். இனி நீங்க பாக்கிற எண்கள் உண்மையான எண்கள்.

கால் எடுத்த பிறகு மெல்ல இறங்கிறதைப் பாத்துப் பயப்படாதீங்க, மேல சொன்ன காரணத்தால இந்த ரெயில்ல அது வழமை. கவலைப்பட வேண்டியது ரெண்டு இடம். ஐடில் ஆட்டம், அது எஸ்சிவி இறுகி இறுகி அசையிறது. ஈசியூ கொஞ்சம் மூடு எண்டா அசையாது, இன்னும் கொஞ்சம் எண்டா ஒரேயடியாத் தாண்டிப் போகும். போத்தல்ல நிண்ட கறுப்புத் தூளும் அதுக்குப் பொருந்துது. மற்றது முழு மிதியில 1790 கேட்டு 1860 போறது. இந்த எஞ்சினுக்கு பெக்டரி வச்ச உச்சமே 1800 பார் அளவுதான், பி0088 எல்லை அதுக்கு மேல கொஞ்சத் தூரத்தில இருக்கு. டார்கெட்டை உச்சத்திலயே ஒட்டி வச்சா எஸ்சிவி கொஞ்சம் பிந்தினாலும் எல்லையைத் தொடும். நல்ல டியூன் எண்டா அந்த இடைவெளியை விட்டு வச்சிருக்கோணும்.

மருதானை_பார்ட்ஸ்:
அப்ப நான் சொன்ன எஸ்சிவி சரிதானே 🙂

பேலியகொட_பம்ப்நானா:
எஸ்சிவி சரி தம்பி. ஆனா மொதல்ல அதை மட்டும் மாத்தியிருந்தா பெட்டி உள்ளயே ஈக்கும், ரெண்டு கெழமையில திரும்ப அதே கோட், அப்ப "எஸ்சிவி போட்டும் சரிவரல்ல, பம்ப்தான்" எண்டு பம்பும் மாத்துவாங்க.

வெள்ளவத்தை தம்பி, எஸ்சிவி மாத்தேக்க பம்பைச் சுத்தி மண் தூசி ஒண்டும் இல்லாமக் கழுவி ஏர் அடிச்சிட்டுத்தான் போல்ட்டைக் கழட்டோணும். அந்த ஓட்டைக்குள்ள ஒரு மணல் போனாலும் புது வால்வும் போச்சு. ஓ ரிங்குக்கு (வால்வைச் சுத்தி ஈக்கிற ரப்பர் வளையம்) கிரீஸ் பூசாம சுத்தமான டீசலைப் பூசி கையால நேரா அமுக்கி வைங்க, போல்ட்டால இழுத்து உக்கார வைக்காதீங்க. பூட்டின பொறகு ஸ்கேனர்ல பம்ப் லேர்னிங் ரீசெட் பண்ணி, எஞ்சின் சூடாகிற வரைக்கும் ஐடில்ல விட்டு புதுசாப் படிக்க வைக்கோணும். கன பேர் இதைச் செய்றதில்ல. பழைய வால்வு இறுகி ஈந்ததுக்கு ஏத்த மாதிரி ஈசியூ படிச்சி வச்ச கணக்கு அப்படியே ஈக்கும், புது வால்வும் ஆடும், கடைக்காரனைக் குறை சொல்லுவாங்க.

இன்னொண்டு லிமிட்டர். உங்களுக்கு பி0087 வந்ததெண்டா அது தொறந்திருக்கு, கடைசிக் காவலுக்கு வச்ச சாமானை இந்தப் பெட்டி தினசரி வேலைக்கு விட்டிருக்கு, அப்படித் தொறந்து தொறந்து ஸ்ப்ரிங் தளரும், வால்வு உக்கார்ற சீட்டு தேயும். எஞ்சினை நிப்பாட்டி, ரெயில் சைபர் வந்த பொறகு, லிமிட்டர்ல இருந்து போற ரிட்டர்ன் ஹோஸை மட்டும் கழட்டி, ஒரு தெரியிற ஹோஸ் பூட்டி போத்தலுக்குள்ள விடுங்க. டேங்க் பக்க ஹோஸை அடைச்சி விடுங்க. பொறகு ஸ்டார்ட் பண்ணி தள்ளி நிண்டு பாருங்க. ஐடில்லயும் ரேஸ்லயும் ஒரு துளியும் வரக்கூடாது.

வெள்ளவத்தை_டிமேக்ஸ்:
எல்லாம் செய்தாச்சு, தெரிஞ்ச ஒரு மெக்கானிக் பாஸின்ர கராஜ்ல நானும் கூட நிண்டு. நம்பர் குடுத்து எடுத்த எஸ்சிவி. பழையதைக் கழட்டினா அதின்ர மூக்கில பழுப்பா பிசின் மாதிரி ஒரு படை, நகத்தால சுரண்டினா வருது. பாஸ் அதைத் தலைகீழாப் பிடிச்சு ஆட்டிப் பாத்தார், உள்ள அசையிற சத்தமே இல்லை. புதுசை ஆட்டினா டிக் டிக் எண்டு கேக்குது.

லிமிட்டரும் நானா சொன்ன மாதிரித்தான். ஐடில்ல போத்தல் காய்ஞ்சு கிடந்தது, ரேஸ் குடுத்து 3000 தாண்ட ஹோஸ்ல துளி துளியா இறங்கத் தொடங்கினது, கூடப் பிடிச்சா நூல் மாதிரி. பாஸ் சொன்னார் இதை அப்பிடியே விட்டிருந்தா அடுத்த ஏத்தத்தில ப்ரெஷர் குறைவு எண்டு கோட் வந்து திரும்ப முதல்ல இருந்து தேடியிருப்பம் எண்டு. அதுவும் புதுசு போட்டாச்சு. லேர்னிங் செய்து முடிய ஐடில் 295க்கும் 305க்கும் இடையில கல்லுமாதிரி நிக்குது.

ரீமேப் செய்த இடத்துக்கு லொக்கையும் பெட்டியையும் கொண்டு போனன். பெட்டி தங்கட இல்லை எண்டு சொல்லுறாங்கள், நான் சண்டைக்கு நிக்கேல்ல. ஆனா ரீமேப் பைலைத் திருத்தித் தரச் சொல்லி நிண்டு பிடிச்சன். அக்கா, என்ன கேக்கோணும் எண்டு சொல்லித் தாறீங்களா, அவங்கள் ஏதும் சொல்லிச் சமாளிக்க முதல்?

மொறட்டுவ_மெக்:
கேளுங்க: ரெயில் டார்கெட்டின்ர உச்சத்தை பெக்டரி அளவுக்கே திரும்பக் கொண்டுவாங்க, அதுக்கும் கீழ 50 பார் விட்டாலும் பரவாயில்ல. கூட எரிபொருள் வேணுமெண்டா இன்ஜெக்ஷன் நேரத்தைக் கொஞ்சம் நீட்டி, அதுக்குப் போதுமான காத்தை டேர்போவால குடுத்து எடுக்கட்டும், அதுவும் புகை வராத அளவுக்கு. வருஷா வருஷம் லைசன்ஸுக்கு எமிஷன் டெஸ்ட்டில புகை மீற்றர் வைப்பாங்க, அது நல்ல பிரேக். அடுத்தது, கால் மிதிக்கிற வேகத்துக்கு டார்கெட் செங்குத்தா ஏறாம ஒரு சரிவில ஏறட்டும். லோட்டோட மலை ஏறுற வாகனத்துக்கு அந்த அரைச் செக்கன் பிந்துறது தெரியவும் தெரியாது.

கடைசியா, கட்டாயமா: பி0088, பி0087 ரெண்டும் பைல்ல ஓன்ல இருக்கா எண்டு எழுத்தில கேளுங்க. கோட்டை ஓப் பண்ணின பைல்ல லிம்ப் மோட் வராது, லைட்டும் வராது, ஆனா ரெயிலுக்குள்ள நடக்கிறது நடக்கும். உங்கட வாகனத்தில அந்தக் கோட் வந்ததாலதான் அந்தப் பெட்டியைக் கண்டுபிடிச்சீங்க.

வெள்ளவத்தை_டிமேக்ஸ்:
கேட்டன் அக்கா, எழுதியும் தந்தவங்கள். புது பைலோட சீமெந்து மூட்டை ஏத்திக்கொண்டு கடுகண்ணாவ ஏறினது, மச்சான் ஸ்கேனரோட. முழு மிதியில கேட்டது 1740, கிடைச்சது ஆகக் கூட 1765. அதே வளைவில காலை எடுத்தன், லைட் வரேல்ல, பவர் விழேல்ல. இழுவை முந்தினதை விடக் கொஞ்சம் குறைவுதான், நாலாம் கியரை முந்தி விட ஒருக்கா முன்னமே மூண்டுக்கு மாத்த வேண்டி இருந்தது. அப்பாவுக்கு அது பரவாயில்லை, எனக்கும்தான். நானாவுக்கும் அக்காவுக்கும் ஹட்டன் அண்ணேக்கும் பெரிய நன்றி.

பேலியகொட_பம்ப்நானா:
அல்ஹம்துலில்லாஹ். போத்தல் அடியில தூள் ஈந்ததை மறக்காதீங்க, டேங்கை ஒருக்கா எறக்கிக் கழுவுங்க. இல்லாட்டி புது வால்வுக்கும் அதே சாப்பாடுதான். பில்டரும் கழுவின பொறகு ஒருக்கா, கொஞ்ச நாள் ஓடினாப் பொறகு திரும்ப ஒருக்கா மாத்துங்க.

ஹட்டன்_லொறி:
எல்லாத்தையும் வாசிச்சேங்க, நல்ல விஷயம். நம்ம லொறிலயும் இப்ப பி0088 வருது, டியூனும் இல்ல பொக்ஸும் இல்ல, கம்பெனில இருந்து வந்த மாதிரியே இருக்கு. அக்கா சொன்னதப் பாத்து இன்னிக்கு காலையில சாவி மட்டும் போட்டு ஸ்கேனர்ல பாத்தேன். ராத்திரி முழுக்க நின்ன வண்டி, ஸ்டார்ட்டே பண்ணல, ரெயில் ப்ரெஷர் 120 பார்னு காட்டுதுங்க. ஓடுறப்போ இழுவையும் கொறைவு. எஸ்சிவி வாங்கவா?

மொறட்டுவ_மெக்:
வாங்க வேணாம் அண்ணே. ராத்திரி முழுக்க நிண்ட ரெயில்ல ப்ரெஷர் இருக்க ஏலாது, அந்த 120 பார் பொய். கணக்குப் பாத்தா சிக்னல் கிட்டத்தட்ட 0.2 வோல்ட் கூடக் காட்டுது. அதனாலதான் ஈசியூ ப்ரெஷர் கூட எண்டு நினைச்சு பம்பைக் குறைக்குது, உண்மையில ரெயில்ல குறைவாத்தான் இருக்கு, இழுவை இல்லாதது அதுதான். இவருட வாகனத்தில நடந்ததுக்கு நேர் எதிர். சென்சர் கனெக்டரைக் கழட்டி பின்ல பச்சை பிடிச்சிருக்கா பாருங்க. பிறகு கனெக்டரைத் திரும்பப் பூட்டி, எஞ்சின் ஓடும்போது மல்டிமீற்றர்ல ஒரு முனையை பட்டரி நெகட்டிவ்லயும் மற்றதை சென்சர் கிரவுண்ட் வயர்லயும் பின்பக்கத்தால வைங்க, 0.1 வோல்ட்டுக்கு மேல காட்டினா அந்த வயரை ஈசியூ வரைக்கும் தேடுங்க, எங்கயோ ஒரு இடத்தில துருப் பிடிச்சிருக்கும். கிரவுண்ட் நல்லா இருந்து, 5 வோல்ட்டும் சரியா வந்து, அப்பவும் 120 காட்டினாத்தான் சென்சர். என்ன காட்டுது எண்டு இங்க எழுதுங்க.

ஹட்டன்_லொறி:
சரிங்க. பின் ஒண்ணு பச்சையாத்தான் இருக்கு, இப்பத்தான் கழட்டிப் பாத்தேன். மீட்டர் கடன் வாங்கிட்டு வந்து சொல்றேன்.